படம் செதுக்காத பலகை

கிளெமன்ட் பாஸ்க் தன் ஊரிடம் கடைசியாகக் கேட்டது ஒரு குழிக்கான இடம். மனைவிக்கும் சின்ன மகளுக்கும் பக்கத்தில், சர்ச் சுவரை ஒட்டி. அதற்குப் பதிலாக ஊர் அவரிடம் ஒரு படம் கேட்டது.

ஊர்ப்பெயர்களை நடுவதுதான் அவர் வேலை. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், சாலைப் பராமரிப்பில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். குழி தோண்டுவார், கம்பம் நிறுத்துவார், கான்கிரீட் கொட்டுவார், பெயர்ப்பலகையை மட்டம் பார்த்து முடுக்குவார். லாரி மோதிச் சாய்ந்தவை, பையன்கள் பெயிண்ட் அடித்தவை, பனியில் பெயர்ந்தவை எல்லாம் அவர் கையால் மறுபடி நின்றன.

நட்ட இடத்திலெல்லாம் ஒரு கேள்வி கேட்பார். "இந்த ஊருக்கு ஏன் இந்தப் பேரு?" வேலியோரம் நாயோடு நிற்பவர் ஒரு பதில் சொல்வார். அடுத்த வீட்டுக்காரர் அதெல்லாம் இல்லை என்று வேறொன்று சொல்வார். இரண்டையும் கேட்டுக்கொண்டே கிளெமன்ட் கலவையைக் குழிக்குள் தள்ளுவார். மாலையில் மனைவி மேவிஸிடம் இரண்டையும் சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய சொந்த ஊரான பெல்ஸ்டோவுக்கு மூன்று பதில்கள் இருந்தன. பெல் என்றொரு பழங்காலத் தலைவனின் நிலம் என்பது ஒன்று. சதுப்பில் மரக்கம்பு அடித்து வேலி கட்டிய இடம் என்பது இன்னொன்று. மூன்றாவது, பேலா என்ற புனிதப் பெண்ணின் தலம் என்பது. அவள் ஜாடியோடு நின்ற இடத்தில் ஊற்று பிறந்ததாம், அதில் குளித்தவர்களின் நோய் தீர்ந்ததாம். பல்கலைக்கழகத்திலிருந்து ஒருமுறை ஓர் ஆய்வாளர் வந்தார். மூன்றையும் கேட்டார், பழைய வரிப்பதிவுகளைப் பார்த்தார், "தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். அவர் வந்ததை ஊர் மறந்துவிட்டது.

மூன்றாவது பதிலைப் பிடித்துக்கொண்டவர் பள்ளித் தலைமையாசிரியர் ஹெர்பர்ட் கட்டிங். நல்ல மனிதர். குளிர்காலத்தில் தன் கம்பளிக் கையுறையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு விரைத்த கையோடு வீட்டுக்குப் போகிறவர். அப்போது சர்ச் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. சுற்றுப்பட்ட ஊர்கள் எல்லாம் திடல் நடுவே செதுக்கிய மரப்பலகை வைத்திருந்தன. ஊர்ப்பெயரும், அதற்குமேல் பெயரின் கதை படமாகவும் இருக்கும். பெல்ஸ்டோவில் மட்டும் பலகை இல்லை. கட்டிங் ஆலயக் குழுவில் எழுந்து பேசினார். பேலாவின் படத்தோடு ஒரு பலகை வைப்போம், மே மாதம் ஊற்றுக்குப் பூ அலங்காரம் செய்வோம், ஊர்வலம் போவோம், வெளியூர்க்காரர்கள் வருவார்கள், கூரை சரியாகும். எல்லோருக்கும் பிடித்தது. ஊற்று இல்லை என்பது ஒன்றுதான் குறை.

"இருந்திருக்கும். தூந்து போயிருக்கும்," என்றார் கட்டிங். "சர்ச் வயல்ல அந்த மூலை எப்பவும் ஈரமாத்தான இருக்கு? கொஞ்சம் தோண்டித்தான் பாரேன், கிளெம்."

"ஈரம் எங்க சார் இல்ல? என் சமையலறையில கூடத்தான் இருக்கு. அங்க ஒரு புனிதப் பொண்ணும் நிக்கலையே."

"மேவிஸ் நிக்கிறாளே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் சிரித்தது. மேவிஸும் சிரித்தாள்.

கிளெமன்ட் தோண்டினார். வேலையிடத்துச் சின்ன எந்திரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் கொண்டுவந்து, ஆள் உயரத்துக்கும் மேலே ஆழப்படுத்தினார். தண்ணீர் வந்தது. அந்த மண்ணில் எங்கே தோண்டினாலும் வரும். கட்டிங் தொப்பியைக் கழற்றினார். பெண்கள் அழுதார்கள். குழியைச் சுற்றிக் கல் பதித்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பினார்கள். மூடி போட வேண்டும் என்றார் கிளெமன்ட். பூ அலங்காரத்துக்குத் திறந்திருந்தால்தான் அழகு, விழா முடிந்ததும் போடலாம் என்றார்கள். சரி என்றார்.

பலகையையும் அவரே செதுக்கினார். ஜாடியோடு நிற்கும் பேலாவுக்கு மாதிரியாக யாராவது நிற்க வேண்டியிருந்தது. மூத்தவள் ஜூடித்துக்குப் பன்னிரண்டு வயது. "பல்லுல கம்பி போட்ட புனிதப் பொண்ண எங்கயாவது பார்த்திருக்கீங்களா?" என்று ஓடிவிட்டாள். இளையவள் ஹேசலுக்கு ஆறு வயது. பால் ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறையில் நின்றாள்.

"அப்பா, மூக்கு அரிக்குது."

"பேலாவுக்கு மூக்கு அரிக்காது."

"அரிச்சா என்ன பண்ணுவா?"

"பொறுத்துக்குவா. அதனாலதான் அவ புனிதப் பொண்ணு."

ஹேசல் பொறுத்துக்கொண்டாள். மே மாத ஊர்வலத்தில் பேலாவாக நடந்தவளும் அவள்தான். வெள்ளை உடுப்பு, தலையில் பூ வளையம், கையில் அதே ஜாடி. ஊரே கைதட்டியது.

விழா முடிந்த வாரம் ஜூடித்துக்குக் காய்ச்சல். மேவிஸ் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். பேலாவின் தண்ணீர் காய்ச்சலைத் தீர்க்கும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஹேசல் ஜாடியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜாடி சுவரின்மேல் இருந்தது. மூடி இன்னும் போட்டிருக்கவில்லை.

கிளெமன்ட்டை அடுத்த ஊர் எல்லையிலிருந்து கூட்டிவந்தார்கள். அவரே இறங்கி எடுத்தார். அடக்கம் முடிந்த மறுநாள் அதே எந்திரத்தைக் கொண்டுவந்து குழியை மூடினார். கட்டிங் வயலோரத்தில் நின்று பார்த்தார். கிட்டே வரவில்லை. இரண்டு பேரும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. விபத்து என்று விசாரணையில் முடிவானது.

அடுத்த வருடம் விழா இல்லை. அதற்கடுத்த வருடம் மறுபடி வந்தது. குழி இருந்த இடத்தில் ஒரு ரோஜாச் செடி வைத்து, அதைச் சுற்றி நின்று பாடினார்கள். கட்டிங் சாகும்வரை ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். திடலில் பலகை அப்படியே இருந்தது. ஜாடியோடு ஹேசல்.

மேவிஸ் கடைக்குப் போகும்போதெல்லாம் பலகையடியில் ஒரு நிமிடம் நிற்பாள். "கோட்டு இல்லாம நிக்கிறா பாரு, இந்தக் குளிருல," என்பாள். கிளெமன்ட் பீட்ரூட் வயல்களைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். தூரம் இரண்டு மடங்கு. ஏன் என்று மேவிஸ் கேட்டதில்லை. நீ ஏன் நிற்கிறாய் என்று அவரும் கேட்டதில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில் இப்படியே காலம் போனது.

அவர் பேச ஆரம்பித்தது ஊர்க் கூட்டங்களில். வெளியூர்க்காரர்களுக்கு அச்சடிக்கும் தாளில் பேலாவின் கதை வரும்போதெல்லாம் எழுந்து நிற்பார். "பேருக்குக் காரணம் தெரியாது. தெரியாதுன்னு போடுங்க." வேறு எதுவும் சொல்லமாட்டார். உட்கார்ந்துவிடுவார். முதலில் தலைகுனிந்து கேட்டார்கள். பிறகு பொறுத்துக்கொண்டார்கள். பிறகு சலித்துக்கொண்டார்கள்.

"கிளெம், உன் நாய்க்கு ஏன் டஸ்டர்னு பேரு? அதுக்காவது காரணம் தெரியுமா?" என்று பப்பில் டெனிஸ் கெரிட்ஜ் வம்புக்கு இழுப்பான்.

"தெரியும். நான் வச்சேன். ஊருக்கு நான் வைக்கல."

"யாரோ வச்சாங்கல்ல? வச்சவன் செத்து ஆயிரம் வருஷம் ஆச்சு. அவன் வந்து கேக்கப் போறானா? விடுப்பா. குடி."

குடித்துவிட்டு வருவார். நாளாக ஆக அவர் மேசையில் உட்காருகிறவர்கள் குறைந்தார்கள்.

மேவிஸ் போனதும் ஹேசலுக்கு இடப்பக்கம் புதைத்தார்கள். அந்த ஈர மண்ணில் ஒருவர்மேல் ஒருவர் வைக்க முடியாது, ஆளுக்கு ஒரு குழிதான். மேவிஸுக்கு அந்தப் பக்கம் ஒரு குழி அளவுக்குப் புல் விட்டிருந்தார்கள். அது யாருக்கு என்று ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஒரு புயலில் பலகையின் கம்பம் இற்று விழுந்தது. படம் குறுக்கே பிளந்தது. கட்டிங்கின் மகள் பெரில் அப்போது ஆலயப் பொறுப்பாளர். கிளெமன்ட்டோடு படித்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூ வைக்கிறவள். அவள் வந்து கேட்டாள்.

"புதுசா ஒண்ணு செஞ்சு தாயேன், கிளெம். உன் கையாலதான் வேணும்."

செய்து தருகிறேன் என்றார். கை நடுங்க ஆரம்பித்திருந்தது. நல்ல ஓக் பலகை வாங்கி, குளிர்காலம் முழுக்கப் பட்டறையில் இருந்தார். மே மாதம் திடலில் துணியை விலக்கினார்கள். கீழே பெல்ஸ்டோ என்று ஊர்ப்பெயர், ஆழமாக, சுத்தமாக. மேலே படம் இருக்க வேண்டிய இடத்தில் இழைத்து எண்ணெய் பூசிய வெறும் மரம்.

கைதட்ட எடுத்த கைகள் அப்படியே நின்றன.

"படம் எங்க?" என்றாள் பெரில்.

"தெரிஞ்சதச் செதுக்கியிருக்கேன்."

"கிளெம், அது ஹேசலோட படம். எல்லாருக்கும் அது ஹேசல்தான். அவளையே எடுத்துட்டியே."

அவர் திடலை விட்டு நடந்தார். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்று முழுக்க அது அவரைக் குடைந்தது. மேவிஸ் இருந்திருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள். பலகையின்மேல் சாக்கைக் கட்டி வைத்தார்கள், முடிவு செய்யும்வரை.

முடிவு செய்வதற்குள் அவர் பட்டறைப் படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். வீட்டில் தனியாக இருக்க முடியாது என்றார்கள். ஜூடித் நகரத்தில் குடிநீர் நிறுவனம் ஒன்றில் பொறியாளர். தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். பெல்ஸ்டோ வீடு விற்றது.

அதில்தான் வினை வந்தது. சர்ச் கல்லறைத் தோட்டத்தில் ஊர் எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் உரிமை. எல்லை தாண்டிக் குடிபோனால் உரிமை போய்விடும். பிறகு பாதிரியார் மனது வைத்தால் உண்டு. பாதிரியார் ஆலயக் குழுவைக் கேட்காமல் மனது வைக்க முடியாது. பெல்ஸ்டோவையும் சேர்த்து ஆறு ஊர்களைக் காரில் சுற்றிச் சமாளிக்கிற பெண் பாதிரியார் ஃபிலிப்பா, சேறு படிந்த காலணியோடு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"யாரும் வேண்டாம்னு சொல்லல, கிளெமன்ட். ஆனா பலகை விஷயம் முடியட்டும்ங்கறாங்க."

"படம் செதுக்குனா இடம். அப்படித்தானே?"

"அப்படி யாரும் சொல்லல."

"சொல்லாமலே புரியுது. நான் செவிடு இல்ல, இடுப்புதான் போச்சு."

ஃபிலிப்பா சிரிக்கவில்லை. "உங்க கையால முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். படம் வைக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மீதிய நான் பார்த்துக்கறேன். மேவிஸ் பக்கத்துல நீங்க இருக்கணும்னு எனக்கும் ஆசைதான்."

யோசித்துச் சொல்கிறேன் என்றார் கிளெமன்ட்.

இரண்டு நாள் கழித்துப் பெரில் பஸ் பிடித்து வந்தாள். இஞ்சி பிஸ்கட் கொண்டுவந்திருந்தாள்.

"இங்க டீ எப்படி இருக்கு?"

"டீன்னு சொல்லிக் குடுக்கறாங்க. நானும் நம்பிக் குடிக்கறேன்."

"இத மட்டும் நம்புவ." கோட்டைக் கழற்றாமல் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள். "பழைய பலகை என்கிட்டதான் இருக்கு. அதப் பார்த்து வேற ஆள் செதுக்கட்டும். ஆனா உன் பொண்ணு முகம். உன் சம்மதம் இல்லாம வைக்க எங்களுக்கு மனசு வரல."

"என் பொண்ண வைக்கறதுன்னா அவ பேரப் போடு. பேலான்னு போடாத."

"ஊர்ப்பலகையில பேலாதான இருக்கணும்."

"பேலான்னு ஒருத்தி இருந்தாளா, பெரில்?"

பெரில் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே கார் நிறுத்துமிடம்தான் இருந்தது.

"அப்பா கடைசியில ஆஸ்பத்திரியில சொன்னாரு. எங்கயோ படிச்சதா நெனச்சாராம். எதுல படிச்சோம்னு தேடிக்கிட்டே இருந்திருக்காரு, அத்தனை வருஷமும். கெடைக்கலையாம்."

"இத ஊருல சொல்லேன்."

"சொல்லி?" அவள் குரல் உயர்ந்தது. பக்கத்து நாற்காலியில் தூங்கியவர் கண் விழித்தார். "பேலா இல்லன்னா ஊத்தும் இல்ல. ஊத்து இல்லன்னா எங்கப்பா ஒரு குழந்தைய எதுக்குக் கொன்னாரு? சொல்லு கிளெம். எதுக்கு?"

"ஒண்ணுக்கும் இல்ல," என்றார். "ஒரு குழி. உங்கப்பா காட்டுனாரு, நான் தோண்டுனேன். மூடி போடல. அவ்வளவுதான்."

"அந்த அவ்வளவுதான வச்சுக்கிட்டு என்னால இருக்க முடியாது."

"நான் இருக்கேன்ல."

பெரில் எழுந்தாள். பிஸ்கட் பொட்டலத்தை அவர் மடியில் வைத்தாள். "குழுவுல நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். பலகைக்காக இல்ல. எங்கப்பாவும் அங்கதான் படுத்திருக்காரு. நீ 'தெரியாது, தெரியாது'ன்னு அவர் கால்மாட்டுல படுத்திருந்தா, ஞாயித்துக்கிழமை நான் எப்படிப் பூவோட அந்தப் பாதையில போவேன்? நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா போவேன்."

அவள் போன பிறகு அவர் பிஸ்கட்டைப் பிரிக்கவில்லை. மேவிஸை நினைத்தார். அறுபது வயதுக்கு மேலும் படுக்கையில் சுவர்ப் பக்கமாகத்தான் படுப்பாள், வெளிப்பக்கம் அவர் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. சர்ச் தோட்டத்திலும் அவளுக்கு வெளிப்பக்கம்தான் காலியாக இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. அவர் மனசுக்குள் அதைச் சொல்லிக்கூடப் பார்த்தார். மேவிஸுக்காக என்றால் வாய் வரைக்கும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜூடித் வந்தபோது சொன்னார். "ஃபிலிப்பாகிட்ட போன்ல சொல்லிட்டேன். முடியாதுன்னு."

ஜூடித் கோட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். "என்னது முடியாது?"

"படத்துக்குச் சம்மதம். இங்கயே நகரத்துக் கல்லறையில போட்டுடு."

"ஒரு ஊர்ப்பேருக்காகவா? அப்பா, உங்களுக்குப் பைத்தியமா? அம்மாவத் தனியா விடப் போறீங்களா?"

"தனியா இல்ல. ஹேசல் இருக்கா."

"அப்ப நீங்க?"

ஜூடித் அழுதாள். கோபமாகத்தான் அழுதாள். "அந்தப் படத்துல இருக்கறது கதைன்னு எனக்கும்தான் தெரியும். இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

"உக்காரு."

"உக்காரல."

"உனக்குத்தான் நஷ்டம்," என்றார் கிளெமன்ட். "உனக்குக் காய்ச்சல், அதனால அவ போனா. அப்படித்தான நெனச்சுக்கிட்டிருக்க?"

நாற்பது வருடமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை அவர் சொல்லிவிட்டார். ஜூடித் உட்கார்ந்தாள்.

"பேலா உண்மைன்னா, அக்காவுக்கு மருந்து எடுக்கப் போன தங்கச்சிதான் ஹேசல். வருஷா வருஷம் அப்படித்தான் பாடுவாங்க. நீ கேட்டுக்கிட்டே இருக்கணும். அது இல்ல. உனக்கு வந்தது வெறும் காய்ச்சல். தெரியாத ஒண்ண தெரியும்னு பெரியவங்க அவளுக்குச் சொன்னோம். நானும் அதுக்குப் படம் செதுக்குனேன். அது எங்க தப்பு. அதுல உன் பங்கு ஒண்ணும் இல்ல. சம்மதம்னு சொன்னா நானே கையெழுத்துப் போட்டு உன்னை அதுல சேத்த மாதிரி."

"அதுக்காகவா இத்தனை வருஷமும் கூட்டத்துல எழுந்து நின்னீங்க?"

"வேற எதுக்கு? எனக்குப் பேரப் பத்தி என்ன? எப்படி வேணாலும் வந்திருக்கட்டும்."

"என்கிட்ட ஒரு தடவ சொல்லியிருக்கலாமே, அப்பா."

"சொல்லியிருக்கலாம்," என்றார். டீ வந்தது. ஜூடித் கோப்பையை அவர் உதட்டுக்குப் பிடித்தாள்.

பிப்ரவரியில் நுரையீரலில் சளி கட்டி இறந்தார். நகரத்துக் கல்லறை புறவழிச் சாலையை ஒட்டி இருக்கிறது. லாரிச் சத்தத்தில் ஃபிலிப்பா வாசித்தது பாதி கேட்கவில்லை. பெல்ஸ்டோவிலிருந்து டெனிஸ் வந்தான், கருப்பு டை கட்டி, காலையிலேயே குடித்துவிட்டு. பெரில் வரவில்லை. அடக்கத்துக்குப் பிறகு ஃபிலிப்பா ஜூடித்தின் கையைப் பிடித்து, மேவிஸுக்குப் பக்கத்து இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்றார். கொடுத்துவிடுங்கள் என்றாள் ஜூடித்.

இரண்டு கல்லறைத் தோட்டத்துக்கும் இடையே காரில் அரை மணி நேரம் ஆகாது. அவள் ஒரு ஞாயிறு அங்கே போகிறாள், ஒரு ஞாயிறு இங்கே. ஒரே நாளில் இரண்டுக்கும் போக அவளால் முடிவதில்லை.